செர்ரிப் பூவுக்கு ஒரு ரிகர்சல்

உலகத்தில் முன்ஜாக்கிரதைக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் தும்மல் வந்தால்கூட ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத் தும்முகிற மனிதர் எங்கள் ரிகர்சல் பாய் ஒருவர்தான். 2005 வாக்கில் நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில், எங்களுக்கு நேர் கீழ் அபார்ட்மென்ட்டில் குடியிருந்தார். மயிலாடுதுறைக்காரர். சாஃப்ட்வேரில் டெஸ்டிங் வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய லெட்டர் பாக்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் மனைவி மும்தாஜுக்குப் பிரசவ நேரம் நெருங்கியபோது, ஸ்டாப் வாட்சும் கையுமாக ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை அழைத்துப் போய் ஒத்திகை பார்த்தார். மூன்றாவது தடவை மும்தாஜ், "நீங்களே போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். துணிப்பையோடு தனியாகப் போய்விட்டு வந்தார். நிஜமாகவே வலி எடுத்த அன்று, பழக்க தோஷம், பையை மட்டும் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டார். அவளை என் காரில் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "பதினாலே நிமிஷம் தங்கச்சி! ரிகர்சலை விட ரெண்டு நிமிஷம் கம்மி!" என்கிறார் மனுஷன்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வந்து இறங்கினார். அவர் வந்த வாரமே மரங்களெல்லாம் இலையைக் கொட்டிவிட்டன. அப்புறம் பனி. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தினமும் கேட்பார்: "ஏண்டி, இந்த ஊர்ல மரமெல்லாம் விளக்குமாத்தைத் தலைகீழா நட்டு வெச்ச மாதிரி நிக்குதே, எல்லாம் செத்துப் போச்சா?" ஊருக்குத் திரும்பிப் போனதும், ஒரு விளக்குமாற்றுக் காட்டில் தன் பிள்ளையை மருமகள் குடிவைத்திருக்கிறாள் என்றுதானே சொல்லப்போகிறார் என்று எனக்குள் ஒரே கவலை.

மார்ச்சில் டி.வி.யில் வாஷிங்டன் செர்ரி மரங்களைக் காட்டினார்கள். மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். "ஜப்பான்காரன் குடுத்த மரமாமே! இலையே தெரியலை, அத்தனையும் பூ! ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள அதை மட்டும் காட்டிடுடி. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஐந்து மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். ஏப்ரல் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு ஃப்ளைட்.

"நீங்க விடுங்க தங்கச்சி, நான் பிளான் பண்றேன்" என்று பாய் ஆரம்பித்தார். ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை, இரண்டு வேன், பதினாலு பேர். வழியில் எங்கெங்கே டாய்லெட், புளியோதரையை எத்தனை மணிக்குப் பிரிப்பது, தயிர்சாதம் எத்தனை மணிக்கு என்று பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை ரிகர்சல்!

"அம்மாவும் வரணும். பெரியவங்க ஒருத்தங்க இருந்தாத்தான் எங்கெங்க நிறுத்தணும்னு கரெக்டா தெரியும்."

என் கணவர், "நான் ரியல் ஷோவுக்கு வர்றேன்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் மூன்றரை மணி நேரம் போனோம். வாஷிங்டனில் அந்தச் செர்ரி மரங்கள் சுற்றி நிற்கிற குளத்தை நெருங்கினோம். அடுத்த திருப்பத்தில் பூ. பாய் பதறிப்போய்க் கத்தினார்.

"அம்மா, கண்ணை மூடிக்குங்க! இன்னைக்கே பாத்துட்டா அடுத்த வாரம் த்ரில் போயிடும். இன்னைக்கு பார்க்கிங் மட்டும்தான்!"

நான் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிராத என் மாமியார், உடனே புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. தண்ணீரைச் சுற்றிப் பஞ்சு மூட்டைகள் வெடித்த மாதிரி அத்தனை பூ. "பாய், அஞ்சே நிமிஷம் நிறுத்துங்களேன்" என்றேன். "ரிகர்சல்ல அது கிடையாது தங்கச்சி" என்று பார்க்கிங் இடத்தைக் குறித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டார். நானாவது அடம்பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் விடாத மழை, பேய்க்காற்று. சனிக்கிழமை பதினாலு பேரும் ஒரு நிமிஷம் பிசகாமல் போய் இறங்கினோம். மரம் முழுக்கப் பச்சை இலை. பூவெல்லாம் தரையில் சேறாகிக் கிடந்தது. மற்றவர்கள் புளியோதரையைப் பிரித்தார்கள். பாய் சாப்பிடவில்லை. மாமியார் அவர் பக்கத்தில் போய், "பரவால்ல தம்பி, இலையாவது பாத்துட்டேன்ல" என்றார். அதற்குப் பதில் மாமியார் அவரைத் திட்டியே இருக்கலாம். வீடு வந்து சேர்ந்ததும் மாடிப்படியில் பாய், "கண்ணை மூடச் சொன்னது நான்தானே தங்கச்சி" என்றார்.

செவ்வாய்க்கிழமை என் கணவர் வேறு ஊரில் கிளையன்ட் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தார். ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போக பாய் லீவு போட்டார். அதற்கும் ஞாயிற்றுக்கிழமையே மாமியாரின் சாமான்களுக்குப் பதிலாக அரிசி மூட்டைகளைச் சூட்கேஸில் வைத்து ஒத்திகை முடித்திருந்தார். பாதி வழியில் திடீரென்று ஒரு எக்ஸிட்டில் வண்டியைத் திருப்பினார்.

"பாய், இது ஏர்போர்ட் வழி இல்லையே!"

"தெரியும். நியூவார்க் பார்க்ல இப்பத்தான் செர்ரி பூ விட்டிருக்காம், ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். வாஷிங்டனை விட இங்க குளிர் ஜாஸ்தி, லேட்டாத்தான் பூக்குமாம்."

"வழி தெரியுமா?"

"தெரியாது."

"பார்க்கிங்?"

"எதுவுமே தெரியாது தங்கச்சி!"

மூன்று தப்பான தெருக்கள், இரண்டு பேரிடம் விசாரணை. கடைசியில் பார்க் வந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாமியார் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திறங்கம்மா. இது ரிகர்சல் இல்லை."

மாமியார் இறங்கி, முதலில் ஒரு கிளையை மூக்கருகே இழுத்துப் பார்த்தார். "என்ன தம்பி, வாசனையே இல்லையே!" என்றார். அப்புறம் மரத்துக்கு மரம் நடந்தார். நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது நிமிஷம் போயே போய்விட்டது. "பாய், டைம்!" என்று நான் பறந்தேன். கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத மனுஷன் சொன்னார்: "பாக்கட்டும் தங்கச்சி. அவசரப்படுத்தாதீங்க."

ஏர்போர்ட்டில் ஓட்டமும் நடையுமாகக் கடைசி ஆளாகத்தான் உள்ளே போனார் மாமியார். செக்யூரிட்டி வரிசையில் மறைகிறவரை பாயைப் பார்த்துத்தான் கையாட்டிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வருத்தமில்லை. நானும் அப்போது பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.