தப்பு என் மேலதான்

அந்த வீட்டில் மூன்று நாளாகப் போர். காரணம் ஒரு குழாய். அதைத் திறந்துவிட்டு மூட மறந்தது யார்? மேல்தொட்டி காலியான நேரத்தில் மனைவி தலை நிறைய ஷாம்பு நுரையோடு குளியலறையில் நின்றாள். அரை மணி நேரம் நின்றாள். கணவருக்கு உண்மை தெரியும். கடைசியாகக் கை கழுவியது அவர்தான். ஆனால் "தப்பு என் மேலதான்" என்ற வார்த்தை கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அந்தச் சாதனையைப் போயும் போயும் ஒரு குழாய்க்காக விட்டுக்கொடுப்பாரா மனுஷன்?

நாலாம் நாள் காலை பத்தேகாலுக்கு அவருடைய லேப்டாப்பில் நெட் போய்விட்டது. பதினோரு மணிக்குப் புது மேனேஜரோடு மீட்டிங். போன வாரம் வராத ஒருத்தரை அந்த மேனேஜர் ஊருக்கு வெளியே இருக்கும் குடோனுக்குத் தூக்கி அடித்துவிட்டாராம்.

"பாஸ்வேர்ட் தப்பு" என்றது லேப்டாப். உனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு என்று அதைத் திட்டினார். திருப்பிப் பேசாதவர்களிடம் அவருக்கு எப்போதுமே வீரம் அதிகம்.

ரவுட்டரை அணைத்துப் போட்டார். முப்பது எண்ணிவிட்டுப் போட்டார். வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினார். லேப்டாப்பை ஏந்திக்கொண்டு கூடம், படுக்கையறை, பால்கனி என்று வலம் வந்தார். ஸ்டூலில் ஏறிப் பரணுக்கு நேராக நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மாடி வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் ரவுட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தார். சமையலறையில் மனைவியின் போனில் தங்குதடையில்லாமல் ஓடிய வீடியோவைக் காதில் வாங்கினார். "சார், கோளாறு மெஷின்ல இல்ல" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

பத்து நாற்பதுக்கு மானத்தை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றார்.

"பாஸ்வேர்ட மாத்தினியா?"

"ஆமா."

"என்ன அது?"

வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் அவள் சொன்னாள்: "தப்பு என் மேலதான்."

அவருக்குக் காது குளிர்ந்தது. பெருந்தன்மை பொங்கிக்கொண்டு வந்தது. மறதி மனுஷனுக்குச் சகஜம் என்றார். தான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை, குழாய் விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். அவள் முழுசாகப் பேசவிட்டாள்.

"அதாங்க பாஸ்வேர்ட். இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. நடுவுல இடைவெளி கிடையாது."

அதற்கப்புறம்தான் கூத்து. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுத ஆளுக்கொரு வழி. தப்புக்கு 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா? மேலவா, மேலேவா? தானுக்கு ஒரு 'ஏ'வா, ரெண்டு 'ஏ'வா? ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார். சத்தமாகச் சொன்னால்தான் ஸ்பெல்லிங் சரியாக வரும் என்று சமையலறையிலிருந்து யோசனை வந்தது. சத்தமாகவே சொன்னார். எலக்ட்ரீஷியன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பதினேழாவது தப்பில், பத்து ஐம்பத்தொன்பதுக்கு, நெட் வந்தது.

மீட்டிங்கில் தலை தப்பியது. மேனேஜர் மறுபடி ரெண்டு மணிக்கு அவரைத் தனியாக வரச்சொன்னார். இடையில் கிடைத்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். சனி விட்டால்தானே. பழிக்குப் பழி என்று பாஸ்வேர்டை மாற்றினார்: "தப்பு உன் மேலதான்." அடித்த வேகத்தில் எங்கே எத்தனை எழுத்து விழுந்தது என்று பார்க்கவில்லை. அடுத்த நிமிஷமே லேப்டாப் அவரை வெளியே தள்ளிவிட்டது. எத்தனை விதமாக அடித்தாலும் உள்ளே விடவில்லை.

மனைவி வந்தாள். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ரவுட்டரின் பின்பக்க ரீசெட் ஓட்டையில் ஒரு குத்து. போனில் நாலு தட்டு. புது பாஸ்வேர்ட் தயார்.

"இந்தத் தடவை கொஞ்சம் நீளம்" என்றாள். "இனிமே பாத்திரம் நான்தான் தேய்ப்பேன்."

மணி ஒன்று ஐம்பது. உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தார். கடைசி வார்த்தையில் சிக்கிக்கொண்டது.

"ஏம்மா, தேய்ப்பேன்ல எத்தனை 'ஈ'?"

"சிங்க்ல போய்ப் பாருங்க. எத்தனை மொய்க்குதுன்னு எண்ணிட்டு வந்து அடிங்க."