முடிச்சு சாமியின் குடம்

முடிச்சு சாமி வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே, மலை சுற்றும் பாதையில் கேட்பாரற்றுக் கிடந்த புளியமரத்துக்கு யோகம் அடித்தது. மரத்தடியில் பந்தல், பந்தலோரம் டீக்கடை, டீக்கடையோரம் செருப்பு பார்த்துக்கொள்ள ஓர் ஆள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவசரநிலை முடிந்து தேர்தலும் முடிந்திருந்த வருஷம் அது. முந்தின வருஷ முகாமில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு சாமி ஒரு நல்ல சேதி வைத்திருந்தார். டாக்டர் போட்ட முடிச்சைக் கத்தியில்லாமல், ரத்தமில்லாமல் அவிழ்த்துவிடுவாராம்! வேறொரு தொழில் செய்கிறவனையும் ஊரில் முடிச்சவிழ்க்கி என்றுதான் சொல்வார்கள். அது ஏனோ யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பந்தலில் மைக் பிடித்தவர் மாஜி கவுன்சிலர் அப்பாதுரை.

"தாய்மார்களே! ஜனம் கம்மியானா டில்லியில நம்ம எம்.பி. சீட்டு கம்மியாவும்! நம்ம வம்சத்தையே கருவறுக்கப் பாக்கறாங்க! பெத்துக்குங்க, ஜாஸ்தியா பெத்துக்குங்க!"

போன வருஷம் இதே அப்பாதுரைதான் இதே தொண்டையில், "ரெண்டுக்கு மேல வேணாம், ஆபரேஷன் பண்ணிக்கினா வாளி உண்டு" என்று ஜீப்பில் ஆள் பிடித்தவர். கட்டுவதற்கும் கமிஷன், அவிழ்ப்பதற்கும் கமிஷன்! "பெத்துக்கறோங்க. பால்பொடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்கார் இன்னா குடுக்கும்?" என்று ஒருத்தி கேட்டபோது மட்டும் மைக் கரகரவென்று கெட்டுப்போனது.

வரிசையில் மாமியாரோடு தனம் நின்றாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரும்பாடு. மாமியார் காசியம்மாளுக்கோ பேரன் வேண்டும். "சாமி அவுத்து வுட்டு நீ முழுகாம இருந்தா சரி. இல்லேன்னா அவலூர்பேட்டையில பொண்ணு பாத்து வெச்சிருக்கேன், ஆவணியில வேணுவுக்கு ரெண்டாங் கல்யாணம்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள்.

காசியம்மாளுக்கு ஒரு விஷயம் தெரியாது. தனத்துக்கு ஆபரேஷனே நடக்கவில்லை. அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது, ரைஸ்மில் லாரி டிரைவரான அவள் புருஷன் வேணுதான் அப்பாதுரையின் ஜீப்பில் ஏறிப் போய், ஒரு பிளாஸ்டிக் வாளியோடு காலை அகட்டி அகட்டி நடந்து திரும்பினான். ஆம்பளை பண்ணிக்கொண்டான் என்றால் ஊர் சிரிக்குமே! பெண்டாட்டிக்குத்தான் ஆஸ்பத்திரியில் செய்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் கூசாமல் புளுகினான். அவளும் நம்பினாள். பிள்ளை இல்லையென்றால் பெண்ணைப் பிடித்து உலுக்குவதுதானே நம் ஊர் வழக்கம், புருஷனை யார் கேட்டார்கள்?

"இப்பவாச்சும் உங்கம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்று காலையில் பஸ் ஏறும்போதே தனம் கெஞ்சினாள்.

"எல்லாம் சாமி பாத்துக்குவாரு, சும்மா வா" என்றான் அந்த மகாவீரன்.

தனத்தின் முறை வந்தது. சடங்கு இதுதான்: மஞ்சள் நூலில் முடிச்சுப் போட்டு, சாமியின் பெரிய பித்தளைக் குடத்துக்குள் போட வேண்டும். குடம் நிறைய ஆரத்தித் தண்ணீர், உள்ளே ஒன்றும் தெரியாது. சாமி கையை விட்டு, கண்ணை உருட்டி ஓர் அதட்டல் போட்டு நூலை வெளியே எடுப்பார். முடிச்சு மாயமாகியிருக்கும்!

"சாமி, எனக்கு எந்தப் பக்கம் முடிச்சுனு பாத்துச் சொல்லுங்க" என்றாள் தனம் பவ்யமாக.

சாமி கண்ணை மூடினார். "இடது பக்கம் பலமா இறுக்கிட்டான் டாக்டரு. வலது பக்கம் லூசு. கவலைப்படாதே தாயே!" என்று குடத்தில் கையை விட்டார். நூல் வந்தது, முடிச்சு இல்லை. "ரெண்டும் அவுந்திடுச்சு! ஆம்பளைப் புள்ளைதான்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. காசியம்மாள் விழுந்தே கும்பிட்டாள்.

"மைக்கக் குடுங்கண்ணா" என்று தனம் கை நீட்டினாள். சாமியைப் புகழப்போகிறாள் என்று அப்பாதுரை சந்தோஷமாகக் கொடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க. என் வயித்துல கத்தியே படல. ஆபரேஷன் பண்ணிக்கினது எம் புருஷன். தோ, செருப்பாண்ட நிக்கறாரே, அவருதான். இந்தச் சாமி இடதும் வலதுமா யாரு முடிச்ச அவுத்தாருன்னு கேட்டுச் சொல்லுங்க!"

மலையின் அடுத்த வளைவு வரைக்கும் ஒலிபெருக்கி அதைக் கொண்டுபோனது. கூட்டம் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

சாமி சுலபத்தில் விடுகிறவரா? "புருஷன் முடிச்சு பெண்சாதி வயித்துல வந்து நிக்கும், அது சூட்சுமம்! நூலு அவுந்துச்சா இல்லையா? அதான் சாட்சி!"

"அப்ப குடத்தக் கவுங்க சாமி. போட்ட நூலு அவுந்து உங்க கையோட வந்துட்டா, உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாதில்ல?"

சாமி குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தொடாதே, குடும்பத்துக்கே ஆகாது!" மகளுக்காக ஏற்கெனவே காணிக்கை கட்டியிருந்த பூக்காரி ராணியம்மாள் முன்னால் வந்து குடத்தை ஒரே எத்தாக எத்தினாள். செந்தண்ணீரோடு பந்தல் முழுக்க நூல்கள் கொட்டின. அத்தனையிலும் முடிச்சு! ஒன்றுகூட அவிழவில்லை.

"அட நாசமாப் போறவனே, இது நான் போட்ட முடிச்சுய்யா! பூ கட்டற முடிச்சு, எனக்குத் தெரியாதா?" ராணியம்மாள் சாமியின் கையை முறுக்கினாள். ருத்திராட்சக் காப்புக்குள்ளிருந்து முடிச்சில்லாத நூல் கொத்தாக உதிர்ந்தது. பெண்கள் சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பாதுரை எப்போது நழுவினார் என்று அவருடைய மைக்குக்கே தெரியாது.

காசியம்மாள் மகனுடைய சட்டையைப் பிடித்தாள். "பாவி! அந்த அவலூர்பேட்டைப் பொண்ணையும் கொண்டாந்து மலடின்னு அழ வெச்சிருப்பேனேடா!" இரண்டாம் கல்யாணப் பேச்சு அங்கேயே செத்தது. தனம் அப்போதுதான் அழுதாள், நிம்மதியில்.

கலைந்துபோகிற கூட்டத்தில் ஒருத்தி மெல்ல அவளிடம் வந்தாள். "இவன் போனாப் போறான்க்கா. போளூர்ல ஒரு சாமி இருக்காராம், அவரு நெஜமாவே..."

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போறதுக்கு மின்ன உம் புருஷன ஒரு வார்த்த கேளு. அப்பறம் ஒனக்குப் புள்ள வேணுமா வேணாமான்னு ஒன்னையே ஒரு வார்த்த கேட்டுக்க. இந்த ரெண்டு பேரத் தவுத்து ஊரு முச்சூடும் கேட்டுட்ட!"