உத்தம வித்துக் கழகமும் காத்தாயியின் முட்டைகளும்

ஒரு காட்டில் எல்லாரும் அவரவர் பாட்டுக்கு முட்டையிட்டு, குட்டி போட்டு, நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள். அது பொறுக்குமா? ஒருநாள் சிங்கராஜா ஒரு முயலைத் துரத்திப் போய், பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அந்த முயலாவது ஓடிப் போயிருக்கக் கூடாதா? நின்று திரும்பி, "தண்ணி ஏதும் வேணுங்களா மகாராஜா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தது.

அவமானத்தில் ராஜா மந்திரி நரியைக் கூப்பிட்டார். நரி வெளியூர் போய்ப் படித்தவர். படித்த இடம் ஒரு மாட்டுச் சந்தை. வண்டிக்கு அடியில் பதுங்கிக்கொண்டு, வியாபாரிகள் மாட்டுக்குப் பல் பார்ப்பதையும் சுழி பார்ப்பதையும் கவனித்த மேதை அவர்.

"கோளாறு உங்கள் மூச்சில் இல்லை மகாராஜா, காட்டின் வித்தில் இருக்கிறது. மட்டமானதெல்லாம் பெற்றுப் பெருகுகிறது. அதை நிறுத்தினால் காடு தானாக உயர்ந்துவிடும்."

"எனக்கு மூச்சு வாங்காதே?"

"வாங்கவே வாங்காது."

அப்படிப் பிறந்ததுதான் உத்தம வித்துக் கழகம். அதன் கருவி ஒரு கொட்டாங்குச்சி. தலையில் கவிழ்த்தால் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். பொருந்தினால் உத்தமம், இல்லாவிட்டால் நெற்றியில் செம்மண் பூச்சு. செம்மண் பூசியவர்கள் பிள்ளை பெறக் கூடாது. காட்டிலேயே அது பொருந்திய ஒரே தலை நரியுடையது. அவர் வீட்டில் உட்கார்ந்து செதுக்கிய கொட்டாங்குச்சி, வேறு யாருக்குப் பொருந்தும்? எலி அதற்குள் காணாமலே போயிற்று. ஆமை பயந்து கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டதால், 'தலையே கிடையாது' என்று முடிவு செய்தார்கள். யானைக்கு அது மரு மாதிரி உட்கார்ந்தது. ஆனால் யானை லேசாகக் காலை உதறியதும் விதியைத் தளர்த்திவிட்டார்கள். ராஜாளிக் கழுகு வீட்டுக்கு அளக்கவே போகவில்லை. கழகத்துக்கு இடம் கொடுத்தவர் அவர்.

வேப்பமரத்தில் காத்தாயி என்ற காக்கை அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் கொஞ்சம் வளைவு. போன வருஷம் எவனோ ஒரு குரங்கு விளையாட்டுக்குக் கல்லெறிந்ததில் வளைந்தது. இப்போது கழகத்து ஆய்வாளராக மரமேறி வந்து நின்றவனும் அதே குரங்குதான்.

"கால் கோணல். வம்சக் கோளாறு" என்றான்.

"அடப்பாவி, நீ எறிஞ்ச கல்லுடா அது!"

"எறிஞ்சது நான். வளைஞ்சது உன் வம்சம். எழுந்திரு."

"முட்டைக்குள்ள இருக்கிற பிள்ளைங்க என்ன பண்ணுச்சு? நான் பறக்கலையா, தேடித் திங்கலையா? உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், விட்டுடு சாமி" என்று அழுதாள் காத்தாயி. சடையன், அவள் புருஷன், குரங்கின் மண்டையைக் கொத்தினான். ஒன்றும் பலிக்கவில்லை. குரங்கு ஆய்வாளன் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காதோரம் வைத்து, கலகலவென்று உலுக்கிவிட்டுத் திரும்ப வைத்தான். உலுக்கிய முட்டை பொரிக்காது.

ஒரே ஒரு முட்டையை மட்டும் அவன் உலுக்கவில்லை. கொஞ்சம் சிறிசு, செம்புள்ளி கூடுதல். "ஆகா, இது உயர்ந்த வித்து. இதைக் காப்பாற்று. கழகத்து உத்தரவு" என்று இறங்கிப் போனான். காத்தாயி மற்றவற்றையும் சேர்த்தேதான் அணைத்துக்கொண்டாள். காக்கைக்குத் தன் கூட்டில் இருப்பதைத் தள்ளத் தெரியாது.

பொரித்தது அது ஒன்றுதான். வாயில் ஊட்டி வளர்த்தாள். சிறகு முளைத்ததும் அது "குக்கூ" என்றது.

காடே கூடியது. நரி துள்ளிக் குதித்தார். "பார்த்தீர்களா? ஒரே தலைமுறையில் காக்கையைப் பாட வைத்துவிட்டது கழகம்!"

"அது குயில் குஞ்சுங்க! குயிலு வந்து என் கூட்டுல முட்டையிட்டுட்டுப் போயிருக்கா. என் பிள்ளைங்களைத்தான் நீங்க உலுக்கிட்டீங்க" என்று கத்தினாள் காத்தாயி.

நரி பரிவோடு தலையை ஆட்டினார். "தன் பிள்ளை எது, ஊரார் பிள்ளை எது என்றே தெரியாமல் வளர்த்திருக்கிறாய். இதற்குப் பெயர் மந்தபுத்தி. காக்கை வம்சம் இதுவரை பிறந்தது போதும்." அன்றைக்கே காட்டில் இருந்த காக்கைக் கூடுகளையெல்லாம் பிய்த்துப் போட்டார்கள்.

மறுபடி முட்டையிடும் காலம் வந்தது. காத்தாயி வயிற்றைச் சுமந்துகொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் மொட்டைக் கிளையில் உட்கார்ந்திருந்தாள். தாய்க்குயில் ராகினி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடியே, உன்னைக் கொத்திக் கொல்லணும்" என்றாள் காத்தாயி.

"கொல்லுக்கா. ஆனா கேட்டுட்டுக் கொல்லு. எனக்குக் கூடும் கிடையாது, வாசலும் கிடையாது. அதனால என் வீட்டுக்கு இதுவரைக்கும் எந்தக் குரங்கும் வந்ததில்ல. முட்டை எங்க இருக்குங்கிறதைத்தான்க்கா பார்க்கிறானுங்க. யாரோடதுன்னு எவன் பார்த்தான்?"

காத்தாயி அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு, ஆய்வாளர்கள் எட்டிப் பார்க்காத ராஜாளி வீட்டு உச்சிப் பாறையை நிமிர்ந்து பார்த்தாள்.

ராஜாளித் தம்பதி விருந்துக்குப் போயிருந்த நேரத்தில் வேலை முடிந்தது; அவர்கள் கூட்டில் இப்போது காத்தாயியின் முட்டைகள். திரும்பி வந்த ராஜாளியம்மா முட்டை சிறுத்திருப்பதைப் பார்த்து, "இந்தக் காலத்து முட்டை" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். குஞ்சுகள் கன்னங்கரேலென்று பிறந்தபோதும் அசரவில்லை. "எங்கள் வீட்டில் பிறந்தால் ராஜாளிதான்" என்றாள்.

அந்த வருஷம் உத்தமக் குடும்பப் பரிசு அவர்களுக்குத்தான், வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? சிங்கராஜா பூமாலை போட்டு, "நாலு வார்த்தை பேசுங்கள் குழந்தைகளே" என்றார். அவருக்கு இப்போது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது.

"கா" என்றன குழந்தைகள்.

சபை விறைத்துப்போயிற்று. ராஜாளியார் நரியைப் பார்த்தார். "என்ன?" என்றார்.

"அடடா! கேட்டீர்களா மகாஜனங்களே, இதுவல்லவோ ராஜகுரல்! இனி இந்தக் குரல் வராதவர்களுக்கெல்லாம் செம்மண்" என்று நரி கைதட்டினார். மான்கள் அங்கேயே 'கா' பழக ஆரம்பித்தன. முன்பு அவரே புகழ்ந்த குயிலுக்கு நெற்றியில் பூசினார்கள்.

கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த காத்தாயிக்குத் தாங்கவில்லை. "கா! என் கண்ணுங்களா!" என்று கத்திவிட்டாள். குரங்குகள் கல்லோடு பாய்ந்தன. "மந்தபுத்தி! ராஜகுரலைத் திருடுகிறாயா?"

"யாரம்மா அது?" என்று கேட்டது ஒரு குஞ்சு.

"மட்டமான வித்து. அந்தப் பக்கம் பார்க்காதே" என்றாள் ராஜாளியம்மா. குஞ்சு முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டது.

காத்தாயி அழுதபடியே பறந்தாள். சடையன் பின்னாலேயே வந்து, "என்ன புள்ள, என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"நல்லா கொழுகொழுன்னு இருக்குதுங்க. என்னைப் பிடிக்கல. இருந்துட்டுப் போகட்டும்."

நீதி: பிறக்கும்போதே நல்ல வீடாகப் பார்த்துப் பிறக்க வேண்டும். கவனக்குறைவாகப் பிறந்துவிட்டு, அப்புறம் அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது.