பாஸ் ஆகாத மால்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், அவர் வேட்டி ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பக்கூடியவர் ஸ்டிக்கர் அக்கா. அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று குறை எங்கே இருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வாரம் முழுக்க இதைச் செய்கிறவர் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பார் என்று நினைத்தால் அது நம் தப்பு.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேராக எங்கள் மாலுக்கு வருவார். பல்லடம் ரோட்டில் நூல் மில்லாக ஓடி, பிறகு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து, கடைசியில் மால் ஆன கட்டடம் அது. முன்பக்கம் பூராவும் கண்ணாடி. பின்பக்கம் மில்லின் பழைய தகரக் கூரை அப்படியே. யார் பின்னால் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். முதல் மாடியில் நான் செல்போன் கவர் கடை வைத்திருந்தேன்.

முதல் முறை கடைக்கு வந்தபோது ஒரு கவரை எடுத்தார். உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்தார். இடுப்பிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒன்று கிழித்து ஒட்டினார்.

"இதென்னங்கக்கா?"

"ஓரத்துல பிசிறு இருக்குதுங்க தம்பி."

"இது ப்ளாஸ்டிக்குங்கக்கா."

"ப்ளாஸ்டிக்குல இருந்தா பிசிறு இல்லைன்னு ஆயிருமுங்களா?"

அதோடு நிற்கவில்லை. துணிக்கடை பொம்மைக்கு மூக்கு உடைந்திருந்தது, மூக்கில் ஓர் அம்பு. நகரும் படிக்கட்டு நகராமல் நின்றது, அதன் கைப்பிடியில் ஓர் அம்பு. மால் மேனேஜர் போட்டிருந்த சட்டையில் முதுகுத் தையல் கோணலாகப் போயிருக்கிறது என்று கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் போய் ஒட்டிவிட்டார். அந்த மனிதர் சாயங்காலம் வரை முதுகில் அம்போடு திரிந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அது எதைக் காட்டுகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொல்ல வரவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் மேல்தளப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. அக்காவுக்கே தப்பிவிட்டது என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கண்ணுல படாம போச்சுங்களே தம்பி."

அன்றுதான் கேட்டேன். "ஏனுங்கக்கா, லீவு நாள்லயும் எதுக்குங்க இந்தப் பொழப்பு? ஊட்ல படுத்துத் தூங்கலாமில்ல?"

"வாரம் பூரா ஓட்டையும் கறையுமா பாத்துப் பாத்து கண்ணு அவிஞ்சு போச்சுங்க. ஒரு நாளைக்காச்சும் குத்தமில்லாம ஒண்ணு பாக்கோணும்னுதான் இங்க வாரது."

"அப்பறம் எதுக்கு ஸ்டிக்கர் ஒட்டறீங்க?"

"அப்படி ஒண்ணு கெடைக்கோணுமில்லீங்க."

அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் அந்த மால். அதையும் பிடுங்கினார்கள்.

கம்பெனி ஆட்கள் கூட்டமாக வந்து ஏசியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்களாம். காரில் வருகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லையாம். வாசலில் போர்டு மாட்டினார்கள்: 'கம்பெனி அடையாள அட்டை, கம்பெனி வேலைக் கோட்டு அணிந்தவர்களுக்கு அனுமதி இல்லை.' ஞாயிற்றுக்கிழமையும் பாதிப் பேருக்கு வேலை இருக்கும் ஊர் இது. ஷிப்ட் முடித்து அட்டையைக் கழுத்தில் போட்டபடிதான் வருவார்கள். இந்தத் திருப்பூரே அந்த அட்டையில்தான் சோறு தின்கிறது. இதைக்கூட யோசிக்காதவனுக்கு மால் எதற்கு?

அந்த ஞாயிறு அக்காவுக்கும் வேலை இருந்தது. அரை நாள் முடித்து, அட்டையோடு வந்தார். வாசலில் செக்யூரிட்டி மறித்தான்.

"என்னம்மா வாங்கப் போறீங்க?"

"பாக்காம எப்படீங்க சாமி சொல்றது?"

"டேக் போட்டவங்கள விட வேண்டாம்னு ஆர்டர்மா."

நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். "அவங்க என் கஸ்டமர்" என்றேன். மேனேஜர் வந்தார். முதுகு அவருக்கு மறக்கவில்லை. "இவங்க ஒருத்தருக்காக ரூலை மாத்த முடியாது" என்றார். நான் நாலு வார்த்தை கேட்டேன். அச்சில் போடக்கூடிய வார்த்தைகள் இல்லை.

அக்கா கோபப்படவில்லை. போர்டை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை படித்தார். 'அனுமதி இல்லை' என்ற இடத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். கூட வந்த பெண்களோடு திரும்பிப் போனார். அடுத்த ஞாயிறும் அட்டையோடு வந்தார், ஒட்டினார், போனார். செக்யூரிட்டி கிழிப்பான், அவர் ஒட்டுவார். மழைக்காலம் முழுக்க இது நடந்தது. ஒரு நாள் அவர் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். நானே சொன்னேன்.

"அதக் கழட்டி வெச்சுட்டுப் போற எடத்துல நமக்கென்னங்க தம்பி சோலி?"

அட்டைக்காரர்கள் வராமல் போனதும் ஐஸ்கிரீம் கடை மூடியது. பிறகு செருப்புக் கடை. காரில் வந்தவர்கள் கோயமுத்தூர் மால்களுக்குப் போய்விட்டார்கள். என் கடையும் போயிற்று. கடைசியில் மேனேஜரும் போனார்.

இப்போது அந்தக் கட்டடத்தில் ஒரு பனியன் கம்பெனி ஓடுகிறது. தகரக் கூரை மறுபடியும் உபயோகத்துக்கு வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடம் இருந்த இடத்தில் செக்கிங் டேபிள். ஸ்டிக்கர் அக்கா வேலை மாறி அங்கேதான் சேர்ந்திருக்கிறார். வாசலில் அதே செக்யூரிட்டி.

"டேக் எங்கம்மா?"

"அன்னிக்கு இருந்தா உடமாட்டேன்னீங்க. இன்னிக்கு இல்லீன்னா உடமாட்டீங்க. எதாச்சும் ஒண்ணு சொல்லுங்க சாமி."

"நான் என்னம்மா பண்றது. போர்டு மாறிடுச்சு."

அக்கா அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். குறை இல்லாத ஒன்றைத் தேடி வந்த இடத்திலேயே, மறுபடியும் ஓட்டையும் கறையும்.

நான் அந்தக் காம்பவுண்டுச் சுவரின் திருப்பத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில் டீக்கடை போட்டேன். வியாபாரம் இல்லை. அக்கா ஒரு நாள் வந்து டீ குடித்தார். டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஒட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். டீக்காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் டீ இடைவேளையில் கடை முன் கூட்டம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் சுவரைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தேன். கம்பெனி வாசலில் தொடங்கி என் அடுப்பு வரை வரிசையாகச் சிவப்பு அம்புகள்.

"ஏனுங்கக்கா, நம்ம கடை அவ்வளவு மோசமா?"

"ஆமாங்க தம்பி. டம்ளரு சரியாக் கழுவறதில்லை."

மழை பெய்தால் அம்புகள் உதிர்ந்துவிடும். மறுநாள் காலையில் நான் கடை திறக்க வரும்போது புதிதாக ஒட்டியிருக்கும். இதுவரை அவருக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்லை. டம்ளரை மட்டும் இரண்டு தடவை கழுவுகிறேன்.