மூன்றாம் மாடியில் இருக்கும் மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

என் நுரையீரலைக் கெடுத்தது நீங்கள்தான். மற்றபடி இங்கு நலம். நீங்களும் என் தங்கையும் நலம்தானே?

கல் அறுக்கும் பட்டறையில் பத்தொன்பது வருடம் நீங்கள் மேற்பார்வை பார்த்தீர்கள், நான் தூசி தின்றேன். முகமூடி கேட்டபோதெல்லாம், "அடுத்த வாரம் வந்துரும் மச்சான்" என்றீர்கள். வாரம் வரவில்லை, மூச்சிரைப்பு வந்தது. நீங்கள் மானேஜராகி மூன்றாம் மாடிக்குப் போனீர்கள்; நான் ஆஸ்பத்திரிக்கு, மூச்சுப் பயிற்சிக்குப் போகிறேன்.

அங்கே முதல் நாளே பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு தாளை நீட்டி, "உங்க இலக்கு என்னன்னு எழுதுங்கய்யா" என்றார். அறுபது வயதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நெஞ்சு நிறைந்து எழுதினேன்: 'பட்டறையின் மூன்றாம் மாடிக்கு ஏறி, மாப்பிள்ளையை இடையில் மூச்சு வாங்காமல் திட்ட வேண்டும்.' அவர் படித்துவிட்டு, "இது இலக்கு இல்லய்யா, கோபம்" என்று அடித்துவிட்டு, 'ஆறு நிமிடத்தில் முந்நூற்றைம்பது மீட்டர்' என்று எழுதினார். எங்கே போக என்றேன். "இந்த வராண்டாவுலயேதான், அந்தக் கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பணும்." யாரைப் பார்க்க என்றேன். பேனாவை மூடிவிட்டார். கூட வந்த என் மனைவி, "இவர் குளிக்கப் போனா, மூச்சு முட்டி விழுந்துடுவாரோன்னு நான் கதவுகிட்ட காவல் நிக்கக் கூடாது, அதையும் எழுதும்மா" என்றாள். வேலை தேடி அலையும் என் மகனோ, "நீங்க மூச்சிரைக்காம சும்மா உக்காந்திருந்தாலே போதும்ப்பா" என்கிறான். ஆளுக்கொரு இலக்கை என் நெஞ்சுக்குள் திணித்தால் காற்று எங்கே போகும்?

நான் என் இலக்கை விடவில்லை. வராண்டாவில் நடக்கும்போதெல்லாம் உங்களைத் திட்டிப் பழகினேன். அதை மூச்சுப் பயிற்சி என்று நினைத்த அந்தப் பெண், "உதட்டைக் குவிச்சு அழகா ஊதுறீங்களேய்யா!" என்று மற்ற நோயாளிகளைக் கை தட்டச் சொன்னார். நேற்று முந்நூற்றைம்பதைத் தொட்டேன். நேரே உங்கள் ஆபீசுக்கு வந்தேன். ஐம்பத்திரண்டு படி, நாலு தடவை உட்கார்ந்தேன். கதவைத் திறந்ததும் நீங்கள், "அடடே, மச்சான்! மூணு மாடி ஏறிட்டீங்களே, உங்களுக்கு என்ன நோவு?" என்றீர்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. தண்ணீர் கொடுத்து லிப்டில் இறக்கிவிட்டீர்கள். எழுதுவதற்கு மூச்சு தேவையில்லை என்பதால் இந்தக் கடிதம்.

தங்கைக்கு என் ஆசிகள், இருக்கிற மூச்சில் பாதியோடு.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் தங்கை போன் செய்தாள். என் மகனை வரும் திங்கட்கிழமை பட்டறையில் சேரச் சொல்லியிருக்கிறீர்களாம். ஏழு மாதமாக அவனுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆகவே முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்லவர். என் இலக்கும் மாறிவிட்டது. திங்கட்கிழமை காலை அவன் மிஷினைத் தொடும் முன்பு முகமூடி கையில் இருக்குமா? அடுத்த வாரம் என்று சொல்லாமல் பதில் போடுங்கள்.