கால்குலேட்டரைக் கேள்வி கேட்ட பூட்டக்கா

திருவண்ணாமலையில் மலைக்கு அடுத்தபடியாக யாராலும் அசைக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது பூட்டக்காதான். சாட்சாத் அந்த ஈசனே நேரில் வந்து "உங்கள் லொகேஷனைப் பார்க்கலாமா?" என்றாலும், "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கும்பிடு போடுவார்.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நான் தற்காலிகத் தட்டச்சராக இருந்த காலம். கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளி என் கிராமம். வேலை முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்பதால் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். அறையில் எனக்குத் துணை பூட்டக்கா. நாற்பதைத் தாண்டியவர். பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் வேலை. போனில் எதையும் பூட்டியே வைப்பதால் விடுதிக்கே அவர் பூட்டக்கா; சொந்தப் பெயர் வார்டனின் நோட்டில் மட்டும் இருந்தது.

தொழில் பழக்கமோ என்னவோ, படிக்காமல் எதற்கும் 'சம்மதம்' அழுத்த மாட்டார். புது ஆப் இறக்கினால், அதன் நிபந்தனைகளை நாங்கள் இட்லி சாப்பிடும் நேரத்தில் உரக்கப் படிப்பார். அவர் முடிப்பதற்குள் எங்கள் தட்டில் சட்னி காய்ந்துவிடும். ஒருமுறை கால்குலேட்டர் ஆப் ஒன்று, போனில் இருக்கும் எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டுத் தொலைத்தது.

"ஏன்டா, கூட்டிக் கழிக்கறதுக்கு எங்க பெரியப்பா நம்பரு இன்னாத்துக்குடா உனக்கு?"

கால்குலேட்டர் அன்றே வெளியேற்றப்பட்டது. இணைய அனுமதியே கேட்காத ஒரு கீபோர்டு ஆப்பைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டார். "நான் டைப் பண்றத வெளிய போய்ச் சொல்லாது. தங்கமான புள்ள" என்று அதற்குப் பாராட்டு வேறு.

புது போன் வாங்க மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். விற்பனையாளர் கேமராவின் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி. இதுக்கு எத்தினி வருஷத்துக்கு அப்டேட் வரும்? வேணாத ஆப்ப நானே எடுக்க முடியுமா?"

விற்பனையாளர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். நாங்கள் கடையில் இருந்தவரை திரும்பவில்லை. மூன்றாவது வாரம் எங்களைப் பார்த்ததுமே கடை முதலாளி கைகூப்பினார்.

என் போன் விஷயம் வேறு. அதை அண்ணன்தான் வாங்கி, எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தான். ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் போனேன். குபேர லிங்கத்தருகே கூட்டம் நகரவே இல்லை. அண்ணன் போன் செய்தான்.

"அரை மணி நேரமா ஒரே எடத்துல நிக்கற. யாரு கூட?"

"ரெண்டு லட்சம் பேரு கூடண்ணா."

"விளையாடாத. இன்னொரு தரம் இப்டி நின்னா வேலைய விட்டுட்டு வூட்டுக்கு வந்துடு."

அடுத்த வாரம் வேலூரில் ஒரு நிரந்தர வேலைக்கு நேர்காணல். வீட்டில் சொல்லவில்லை. அவன் போன் வரைபடத்தில் என்னைக் காட்டும் புள்ளி வேலூர் பக்கம் நகர்ந்தால், உள்ள வேலையும் போய்விடும்.

பூட்டக்காவிடம் அழுதேன். போனை வாங்கிப் பத்திரம் சரிபார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தார்.

"லொகேஷன் எந்நேரமும் அவனுக்குப் போவுது. நீ குடுத்தியா?"

"அண்ணன் போட்டுக் குடுத்ததுக்கா."

"நீ குடுத்தியான்னு கேட்டேன்."

இல்லையென்று தலையாட்டினேன்.

"கை நீட்டுவானா?"

"இல்லக்கா. கத்துவான், அவ்ளோதான்."

அவனுக்குத் தெரிந்த பாஸ்வேர்டையும் பூட்டு எண்ணையும் என்னையே மாற்றச் சொன்னார். நான் மாற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கடைசியில் லொகேஷன் அனுப்பும் ஆப்பை எடுத்துவிடும்படி அவரிடமே போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"உன் போனு. நீ அழுத்து."

அழுத்தினேன். பத்து நிமிடத்தில் அண்ணன்.

"புள்ளி காணோமே, போன் ரிப்பேரா?"

"இல்லண்ணா. நான்தான் எடுத்துட்டேன். எங்க இருக்கன்னு கேளு, சொல்றேன்."

கத்தினான். துணி மடித்துக்கொண்டிருந்த பூட்டக்கா நிமிராமலே கேட்டார். "சார்ஜ் எவ்ளோ இருக்கு?"

"எம்பதுக்கா."

"அப்ப கத்தட்டும்."

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. எங்கே இருக்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். "சாப்டியா?" என்றான். புள்ளி கையில் இருந்தவரை அவன் இதைக் கேட்டதே இல்லை. வேலூர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "பாத்துப் போய்ட்டு வா" என்றான்.

நேர்காணலன்று பஸ் போளூரைத் தாண்டியது. நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பூட்டக்காவை அழைத்தேன்.

"அக்கா, போளூர் தாண்டிட்டேன்."

"நான் கேக்கலியேடி."

"நானா சொல்றேன்க்கா."

"ஜன்னல் சீட்டா?" என்றார்.

வேலை கிடைத்து வேலூரிலேயே குடியேறிவிட்டேன். இன்றைக்கும் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முதல் போன் பூட்டக்காவுக்குத்தான். எங்கே இருக்கிறாய் என்று அவராக ஒருநாளும் கேட்டதில்லை.