பீப்பீ என்று வந்த யானை

கம்பம் பள்ளத்தாக்கிலேயே, ஆரன் அடிக்காமல் படுக்கையில் புரண்டுகூடப் படுக்காத மனிதர் ஆரன் அண்ணன் ஒருவர்தான். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவர். முதலில் ஆரன், பிறகுதான் வளைவு. அந்தப் பழக்கம் செஸ் பலகைக்கும் வந்து சேர்ந்ததுதான் வினை.

உள்ளூர்ப் போட்டிகளைப் பார்த்து எழுதிவைக்கும் என் நாட்குறிப்பில் அந்தப் பங்குனி ஞாயிறு இப்படி இருக்கிறது: 'தேனி. ரேபிட் செஸ், கடைசிச் சுற்று. ஜெயிப்பவருக்கு மாவட்ட அணியில் இடம். ஆரன் அண்ணன் எதிரே அல்லிநகரம் மருந்துக்கடை அக்கா. மழை.'

காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க வேண்டும், விதி அவ்வளவுதான். அண்ணனோ நல்ல நகர்த்தல் தோன்றியதும் முதலில் கடிகாரத்தை அமுக்கிவிடுவார். ஒருமுறை செய்தால் எதிராளிக்குக் கூடுதல் நேரம். மறுமுறை செய்தால் தோல்வி. போன மூன்று வருடமும் அவரைத் தோற்கடித்தது அவர் கைதான். அன்றும் பாதி ஆட்டத்திலேயே முதல் தவறு நடந்துவிட்டது.

"அண்ணே, இது மேட்டு ரோடு இல்ல. நகத்திட்டு அமுக்குங்க," என்றார் நடுவர்.

"அடிக்காம எப்படி சார் திரும்புறது? எதுக்க வண்டி வந்தா?"

"எதுக்க வாரது நாந்தான். ஓரமாத்தான் வாரேன், திரும்புங்க," என்றார் அக்கா, தலை நிமிராமல்.

அதன்பிறகு நான் பலகையைப் பார்க்கவில்லை. அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது கடிகாரத்தை நோக்கிக் கிளம்பும். பாதியில் திரும்பும். பக்கத்தில் அவர் மனைவி முந்தானையைக் கடித்தபடி, "யாராச்சும் அந்தக் கையப் பிடிங்கப்பா," என்று முணுமுணுத்தார்.

இருவருக்கும் சில விநாடிகளே மிச்சம். அக்கா ராணியை இறக்கினார். அண்ணனின் கண் விரிந்தது. யானைக்கு வழி தெரிந்துவிட்டது. கை கிளம்பி, நேராகக் கடிகாரத்துக்கே போய், பொத்தானுக்கு ஒரு நூல் மேலே நின்றது. அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"பீப்பீ."

வாயால் அடித்தார். அடித்த நிம்மதியில் கை திரும்பி வந்து யானையைக் கடைசி வரிசைக்குத் தள்ளியது. ராஜாவுக்கு வேறு வழியில்லை. செக்மேட்.

நடுவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். அக்கா அதை மெல்ல மூடினார்.

"ஆரன் அடிச்சுத்தான சார் வந்தாக. நாந்தான் ஒதுங்கல."

வாயால் ஆரன் அடிப்பது குற்றமா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. எதையும் சரிபார்க்காமல் எழுதாத நான், என்னிடமுள்ள விதிப்புத்தகத்தை மட்டும் என் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.